ஸ்கூல்ல குடுத்த மாத்திரைக்கு ஏன் பூச்சி போகல?

கேள்வி: டாக்டர் அம்மா, நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன். மூத்தவனுக்கு ஏழு வயசு, ரெண்டாம் ஆண்டு படிக்கிறான். ஸ்கூல்ல பூச்சி மாத்திரை குடுத்தாங்க, கண்ணு முன்னால முழுங்க வெச்சாங்களாம். அப்பவும் வயிறு உப்பிக்கிட்டே இருக்கு. மொகம் வெளுத்துப் போச்சு. செவுத்த நக்குறான், மண்ணு திங்கிறான், ராத்திரியில பல்லக் கடிக்கிறான். ஒடம்பெல்லாம் சொறி வேற. ஆஸ்பத்திரியில மலம் சோதிச்சு வட்டப்புழு முட்டை, சாட்டைப்புழு முட்டை, அதோட ஜியார்டியான்னு எழுதியிருக்காங்க. மூணு நாளைக்கு ஒரு மருந்து, அஞ்சு நாளைக்கு ஒரு மருந்து, ரத்தத்துக்கு ஒரு சிரப், பூசுறதுக்கு ஒண்ணு. இத்தனையும் ஒண்ணா குடுத்தா புள்ள தாங்காது, அமாவாசைக்கு வெளக்கெண்ண குடுத்தா எல்லாம் வந்துரும்னு மாமியார் சொல்றாங்க. எனக்கு இப்ப அஞ்சு மாசம். கிளினிக்ல எனக்கும் பூச்சி மாத்திரை குடுத்தாங்க. பயந்துக்கிட்டு சாமி தட்டுக்குக் கீழ வெச்சிருக்கேன். ஒரே புள்ளைக்கு எப்படிம்மா இத்தனை வரும்? நான் சுத்தமா வெச்சுக்கலன்னு அர்த்தமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

சாமித் தட்டுக்குக் கீழே இருக்கிற மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு ஐந்து மாதம் என்பதால் அதை நீங்கள் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். முதல் மூன்று மாதம் கழிந்த கர்ப்பிணிகளுக்கு மெபென்டசோல் கொடுப்பது 1990களிலிருந்தே நம் நாட்டுக் கிளினிக்குகளில் இருக்கிற வழக்கம். உங்களைப் போலவே அன்று வைத்தியர்களுக்கும் பயம் இருந்தது. அதனால் இங்கே ஏறத்தாழ 7 ஆயிரம் பிரசவங்களை எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் பிறவிக் குறைபாடு கூடியிருக்கவில்லை. இறந்து பிறந்ததும், மிகக் குறைந்த நிறையோடு பிறந்ததும் அவர்களிடத்தில்தான் குறைவு. களனிப் பல்கலைக்கழகத்தின் நிலந்தி டி சில்வாவும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் இதை வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் மட்டும் கூடாது. அந்தக் காலம் உங்களுக்குத் தாண்டிவிட்டது. மாத்திரை நனைந்து உப்பியிருந்தால் எறிந்துவிட்டு மிட்வைப் அம்மாவிடம் வேறு கேளுங்கள். பயந்து வைத்திருந்தேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள், அவர் திட்டமாட்டார். திட்டினாலும் மாத்திரை தருவார்.

இனி மகன். நாம் எல்லாவற்றையும் "பூச்சி" என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ரிப்போர்ட்டில் இருக்கிற மூன்றும் மூன்று தனி ஆட்கள். லயத்து வரிசை வீட்டில் மூன்று காம்பராவுக்கும் ஒரே கூரை என்பதற்காக மூன்றும் ஒரே குடும்பம் ஆகிவிடாதே.

வட்டப்புழு ஒரு சாணுக்கு மேலே வளரும், மண்புழு மாதிரி இருக்கும். பெண் புழு ஒன்று ஒரு நாளைக்கு 2 இலட்சம் முட்டை வரை போடும். சாட்டைப்புழு சிறியது, ஒன்றரை இரண்டு அங்குலம். அதன் முன்பக்கம் நூல் மாதிரி மெலிந்திருக்கும், அந்த நூலைப் பெருங்குடல் சுவருக்குள் தைத்துக்கொண்டு கிடக்கும். ஜியார்டியா புழுவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக் கல உயிர். சிறுகுடல் சுவரில் அப்பிக்கொண்டு, தின்ற கொழுப்பும் சத்தும் உள்ளே போகவிடாமல் செய்யும்.

ஸ்கூலில் கொடுக்கிற ஒற்றை மாத்திரை வட்டப்புழுவை நன்றாகவே வெளியேற்றும். சாட்டைப்புழுவில் ஒரு பகுதியைத்தான் அசைக்கும், சுவருக்குள் தைத்துக் கிடப்பதை ஒரே அடியில் கிளப்ப முடியாது. ஆஸ்பத்திரியில் அந்த மருந்தையே காலையும் மாலையுமாக மூன்று நாளைக்கு எழுதியிருப்பது இதற்காகத்தான், "திரும்பவும் அதே மருந்தா" என்று நினைக்க வேண்டாம். ஜியார்டியாவை அந்த ஒற்றை மாத்திரை தொடவே தொடாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடத் தப்புச் செய்து தெரிந்துகொண்டதுதான் அதிகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்னப் பெண்ணை அவளுடைய அப்பா மூன்று முறை கூட்டி வந்தார். வயிறு உப்பல், நிறை ஏறவில்லை. தோட்டத்துப் பிள்ளை, வயிறு உப்பல் என்றதும் என் பேனா தானாகவே பூச்சி மருந்து எழுதியது. மூன்று முறையும் அதையேதான் எழுதினேன். நாலாம் முறை அப்பாயி கூட வந்தார். நான் கேட்காமலேயே, "டாக்டரம்மா, இவ போறது தண்ணியில எண்ண மாதிரி மெதக்குது, நாத்தம் லயத்துக்கே அடிக்குது" என்றார். அந்த ஒரு வரியில் ஜியார்டியா இருந்தது. நான் ஒருதடவை கூட மலம் சோதிக்க அனுப்பியிருக்கவில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் சோதித்துத்தான் மருந்து எழுதியிருக்கிறார்கள். அந்த மருந்துத் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

மாமியார் சொன்னதில் பாதி சரி. ஆச்சரியப்படாதீர்கள். பூச்சிக்கான மெபென்டசோலையும் ஜியார்டியாவுக்கான மெட்ரோனிடசோலையும் ஒரே நாட்களில் சேர்த்துக் கொடுப்பதைத் தவிர்க்கத்தான் வேண்டும். சேர்த்துக் கொடுத்த இடங்களில் அபூர்வமாகச் சிலருக்குத் தோல் கொப்பளித்து உரிகிற பாரதூரமான ஒவ்வாமை வந்திருக்கிறது. ஆகவே மூன்று நாள் மருந்து முதலில், அது முடிந்ததும் ஐந்து நாள் மருந்து. பல வகை சேர்ந்திருந்தால் வட்டப்புழுவை முதலில் வெளியேற்றுவதுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த முறையும்கூட. அதை வெளியேற்றாமல் வேறு மருந்தால் சீண்டிவிட்டால் இருக்கிற இடத்தை விட்டுப் பித்தக்குழாய்க்குள்ளோ தொண்டைக்கோ ஏறப் பார்க்கும். உங்கள் துண்டில் ஒன்றுக்குப் பின் ஒன்று என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால், அல்லது இரண்டையும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லியிருந்தால், கொடுக்கும் முன் திரும்பப் போய்க் கேளுங்கள். சில வைத்தியர்கள் இரண்டுக்கும் சேர்த்து அல்பென்டசோலையே ஐந்து நாள் எழுதுவார்கள். அதுவும் சரியான வழிதான்.

விளக்கெண்ணெய் விஷயத்தில் மாமியார் பக்கம் நிற்க முடியாது. பட்டினி போட்டு, பேதிக்குக் கொடுத்துப் பூச்சியைத் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. இப்போதைய மருந்துக்குப் பட்டினியும் வேண்டாம், பேதியும் வேண்டாம். வெளுத்துப்போன பிள்ளையின் வயிற்றைப் பேதி போட்டுக் கழுவினால் கொஞ்ச நஞ்சத் தெம்பும் போய்விடும். அமாவாசைக்கும் பூச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பல்லைக் கடிப்பதற்கும் பூச்சிதான் காரணம் என்று நிரூபணம் கிடையாது, அது பூச்சியே இல்லாத பிள்ளைகளிடமும் இருக்கிறது. எல்லாம் சரியான பிறகும் அவன் பல்லைக் கடித்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாளில் வட்டப்புழு வெளியே விழுவது கண்ணில் படலாம். சாட்டைப்புழு போவதைப் பார்க்க முடியாது.

மெட்ரோனிடசோல் வாயில் செப்புக்காசை வைத்த மாதிரி கசக்கும், பிள்ளை துப்பப் பார்ப்பான். சாப்பாட்டோடு கொடுங்கள். ஐந்து நாளையும் முடிக்க வேண்டும், மூன்றாம் நாள் வயிறு அமர்ந்துவிட்டது என்று மிச்சத்தைத் தம்பிக்கு ஊற்றக் கூடாது. ஒருவேளை வீட்டுக்காரருக்கும் ஜியார்டியா என்று சொல்லி இதே மருந்தை எழுதினால், அந்த நாட்களிலும் அதற்குப் பின் இரண்டு மூன்று நாளும் சாராயப் போத்தல் பக்கம் போகக் கூடாது. குடித்தால் வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் ஆளைப் போட்டுவிடும். இதை அவருக்கு நீங்கள் சொல்வதைவிட மருந்து கொடுப்பவரையே சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது இரத்தம். ரிப்போர்ட்டில் கொக்கிப்புழு இல்லை. அதற்குச் சூடும் ஈரமும் நிழலும் சேர்ந்த மண் வேண்டும், உங்கள் குளிர் அதற்கு ஒத்துவராது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தாழ்ந்த தோட்டங்களில்தான் வெறுங்காலோடு நிற்பவர்களின் பாதம் வழியாக ஏறும். (1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியத்தார் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதே மாத்தளைத் தோட்டங்களில்தான். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து, மன்னாரில் இறங்கி நம் ஆட்கள் நடந்து வந்து சேர்ந்த அதே மாத்தளை.) கொக்கிப்புழு இல்லாமலும் ஒரு பிள்ளை வெளுக்கும். சாட்டைப்புழு குடலைப் புண்ணாக்குகிறது, ஜியார்டியா சத்தை மறிக்கிறது, வட்டப்புழு பசியைக் குறைக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் "லேசான தொற்று" என்றுதான் ரிப்போர்ட்டில் வரும். மூன்றும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் பிள்ளைக்கு அது லேசு இல்லை.

இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைதான் சுவரை நக்குவதும் மண் தின்பதும் அதிகம். அந்த மண்ணில்தான் முட்டையும் இருக்கிறது. அவனை அடிப்பதில் பயனில்லை, சிரப்பை ஒழுங்காகக் கொடுத்து வந்தால் அந்த ஆசை தானாகக் குறையும். ஆனால் ஒன்று கவனியுங்கள். காலையில் அவன் சாப்பிடுவது கோதுமை மா ரொட்டியும் சாயத் தேத்தண்ணியுமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் நாள் முழுக்கக் கிள்ளுகிற அதே கொழுந்துதான், சாப்பாட்டோடு குடித்தால் இரும்பைக் குடலில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். தேத்தண்ணி குடிக்காதே என்று உங்களிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. சிரப்புக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், அது போதும். கீரை சுண்டினால் இறக்கும்போது தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். சிரப் குடிக்கும் நாட்களில் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இதெல்லாம் கிளினிக்கில் உங்களுக்குத் தருகிற சத்து மாத்திரைக்கும் பொருந்தும்.

சொறியைப் பலர் பூச்சியோடு சேர்க்கமாட்டார்கள். அதுவும் ஒட்டுண்ணிதான், தோலுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கிற மிகச் சின்ன உண்ணி. இரவில் அரிப்புக் கூடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள், இடுப்பு, தொடையிடுக்கு என்று பிடிக்கும். பூச்சு மருந்தை மகனுக்கு மட்டும் பூசினால் காசும் மருந்தும் வீண். ஒரே இரவில் காம்பராவில் படுக்கிற எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், மாமியாரும், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசி, காலையில் கழுவ வேண்டும். ஒரு கிழமை கழித்து இன்னொருதரம். உங்களுக்கு ஐந்து மாதம் என்று சொல்லி, உங்களுக்கு ஏற்ற மருந்து எது என்று கேட்டு வாங்குங்கள். போர்வையை வெயிலில் போடச் சொல்வார்கள். மூன்று நாளாய் மூட்டம் விலகாத மலையில் எந்த வெயிலில் போடுவது? சொப்பிங் பேக்கில் போட்டு இறுக்கிக் கட்டி ஒரு கிழமை மூலையில் வையுங்கள், உண்ணி தானாகச் செத்துவிடும். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று கிழமை அரிப்பு இருக்கும். அதற்காகத் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டே இருக்க வேண்டாம்.

சொறிந்த இடம் சீழ் பிடித்தால் அலட்சியமாக இருக்காதீர்கள். அந்தச் சீழில் இருக்கிற கிருமி சில கிழமை கழித்துச் சிறுநீரகத்தைத் தாக்கலாம். காலையில் கண் இரப்பை வீங்கியிருந்தாலோ, சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போனாலோ அன்றே ஆஸ்பத்திரி. அதேபோல வயிறு முறுக்கி வலித்து, கல் மாதிரி இறுகி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றால், புழுக்கள் கொத்தாகத் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். அப்போது வீட்டில் எந்தப் பூச்சி மருந்தும் கொடுக்கக் கூடாது. த்ரீவீல் பிடித்து அந்த ராத்திரியே கொண்டுபோங்கள்.

சரி, எப்படி வந்தது? வட்டப்புழு, சாட்டைப்புழு இரண்டின் முட்டையும் மலத்தோடு விழுந்த அன்றைக்கு யாருக்கும் தொற்றாது. ஈர மண்ணில் இரண்டு மூன்று கிழமை கிடந்து முதிர வேண்டும். பிறகு அது நகக்கண்ணில் ஏறும், கரட்டில் ஒட்டும், வாய்க்குப் போகும். இரண்டுக்கும் பாதை ஒன்று என்பதால்தான் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. வட்டப்புழு முட்டை மண்ணுக்குள் வருடக்கணக்கில் தாங்கும். மாத்திரை வயிற்றில் இருப்பதைத்தான் கொல்லும், கொல்லைப்புறத்தில் இருப்பதை என்ன செய்யும்? முட்டை திரும்ப உள்ளே போனால் இரண்டு மூன்று மாதத்தில் புதிய புழு வளர்ந்துவிடும்.

ஜியார்டியா அப்படிக் காத்திருக்காது. அன்றைக்கே, கையிலிருந்து கைக்கு, பீலியில் பிடிக்கிற ஊற்றுத் தண்ணீரிலிருந்து வாய்க்குப் போகும். அதனால் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போகிற தம்பியையும் சோதிக்க வேண்டும், அவனுக்கு வயிற்றோட்டம் இல்லாவிட்டாலும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். குளோரின் போட்ட தண்ணீர் என்று யாராவது சொன்னாலும் கொதிக்க வையுங்கள், இந்தப் புழு முட்டைகளுக்கும், ஜியார்டியா தன்னைச் சுற்றிக் கட்டுகிற கூடுகளுக்கும் குளோரினை நம்ப முடியாது.

ஒரு இடத்தை மட்டும் நேரில் போய்ப் பாருங்கள். லயத்துக்குப் பின்னால் கழிவுநீர்க் கான் ஓடும் அல்லவா? சின்னதுகளை அந்தக் கானோரம் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிவிடுவது நம் வழக்கம். பால்குடிப் பிள்ளையின் மலத்தில் என்ன இருக்கிறது என்று நினைப்போம். வயிற்றில் அதிகம் புழு இருப்பது சின்னப் பிள்ளைகளிடம்தான். அந்தக் கான் போய் முடியும் இடத்தில் யாரோ நாலு பாத்தி போட்டு லீக்ஸும் கரட்டும் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் கரட்டைப் பிடுங்கி, காற்சட்டையில் துடைத்து, அப்படியே கடிப்பார்கள். நானும் சின்ன வயதில் கடித்தவள்தான். இளையவனின் மலத்தை அள்ளிக் கக்கூசில் கொட்டுங்கள். இரண்டு பேரின் நகத்தையும் ஒட்ட வெட்டுங்கள். கரட்டைத் தோல் சீவித்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக நீங்கள் கேட்டது: சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமா? இல்லை. 2017இல் நாடு முழுவதும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடம்தான் இந்தப் புழுக்கள் இருந்தன. தோட்டப்புறத்தில் மட்டும் நூற்றுக்கு ஒன்பது. தோட்டத்து அம்மாமாருக்கு மட்டும் ஒன்பது மடங்கு சுத்தம் குறைவா? கோப்பிக் காலத்து அளவில் பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், அதற்கும் கீழே பீலி. மலேரியா இல்லாத நாடு, யானைக்காலை அடக்கிய நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்திடம் இரண்டு பாராட்டு வாங்கிய தேசம் இது. மாத்திரை மலிவு என்பதால் ஸ்கூல் வரை வந்துவிடுகிறது. குழாயும் கக்கூசும் வருவதற்கு இத்தனை வருடமாகியும் பாதை கிடைக்கவில்லை. உங்களுக்குக் கை கழுவச் சொல்லி வகுப்பு எடுப்பவர்கள், கழுவத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.

அதை நீங்கள் கேட்கலாம். உங்கள் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இருப்பார், குடிதண்ணீரைச் சோதிப்பது அவருடைய வேலை. ஒரு தாளில் எத்தனை குடும்பம், எத்தனை கக்கூஸ், ஊற்று எங்கே, அதற்கு மேலே எந்தக் கக்கூஸ் குழி என்று எழுதி, லயத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். தனியாகப் போக வேண்டாம், தோட்டத் தலைவரையும் மாதர் சங்கத்தில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து எல்லாம் முடிந்து மூன்று நாலு கிழமையில் மகனுக்குத் திரும்ப மலம் சோதிக்க வேண்டும். ஜியார்டியா எல்லா நாளும் வெளியே வராது, ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மூன்று முறை கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்பத்திரியில் தருகிற போத்தலில்தான் கொண்டுபோக வேண்டும், யோகட் கப் வேண்டாம். சிறுநீர் கலக்காமல், ஒரு தேக்கரண்டி அளவு போதும். முதல் நாள் இரவே எடுத்து வைத்தால் பயனில்லை. காலையில் எடுத்து, எடுத்த நேரத்தைப் போத்தலில் எழுதி, முதல் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிடுங்கள்.